தாமரையும் ஆம்பலும்

வன்னிக் குளங்களில் தாமரையும் ஆம்பலும் அருகருகே பூக்கின்றன. உருவொற்றுமை கருதி, சுவீடன் நாட்டு லின்னேயசு 1753இல் இரண்டையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பின்வந்தோர் பிரித்தனராயினும், நெருங்கிய உறவினவென்றே பலர் எண்ணினர். கடந்த நூற்றாண்டின் இறுதியில் டி.என்.ஏ. ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. மரபணுக்களின் எழுத்துவரிசையை ஒப்பிட்டபோது, ஆம்பல் பூக்குந் தாவரங்களின் மிகப் பழைய கிளையொன்றைச் சேர்ந்ததென்றும், தாமரைக்கு உறவு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழல்தரும் கிரெவில்லியா போன்ற மரங்களே என்றும் தெளிவாயிற்று.

இதனை நம் முன்னோர் அன்றே அறிந்தனர் எனப் பெருமை பேசுதல் தகாது. அவர் கண்டறிந்தது வேறுபாட்டை, மரபணுவையன்று. ஆயினும் கண்டதற்கேற்பத் தனித்தனிப் பெயரிட்டனர். நாமோ ஆம்பலுக்கு 'ஒருவகை நீர்ப்பூ' எனக் குறிப்பெழுதி அமைகின்றோம். ஆசிரியர்கள் மாணவரைக் குளக்கரைக்கு அழைத்துச்சென்று, உயர்ந்து நிற்கும் தாமரையிலையையும், நீரிற் படிந்த பிளவுடைய ஆம்பலிலையையும் காட்டல் வேண்டும். காட்டாது விடின், சொல் நூலில் எஞ்சும், பொருள் மறையும்.