கல்வெட்டுப் படிமமும் காலமுத்திரையும்

பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவுசெய்யும் பணியை மிதிக் சொசைட்டி 2021இல் தொடங்கியது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளை 1905இல் ரைசு வெளியிட்ட தொகுதி வழியே அறிந்தோர் இத்தகு பணியின் அருமையை உணர்வர். ஆயின், கணினியில் ஏற்றியதும் கல்வெட்டு காக்கப்பட்டது என்பாரின் கூற்று ஏற்புடையதன்று. அழியாமை வேறு, மாறாமை வேறு. அச்சுநூலில் ஓரெழுத்தை மாற்றினால் பிற நூலகப் படிகள் காட்டிக்கொடுக்கும். கணினிக் கோப்பில் ஒரு சுழியை நீக்கினால் தடமே இராது. மொழிப்பூசல் கண்ட நகரில் இவ்வையம் சிறிதன்று.

கோப்பிலிருந்து கணிக்கப்படும் 64 குறிகள் கொண்ட சுருக்கெண், ஒரு புள்ளி மாறினும் முற்றும் வேறாகும். அதனைப் பிட்காயின் போன்ற பொதுப் பிளாக்செயினில் பொதிந்தால், குறித்த காலத்திலேயே அக்கோப்பு அவ்வடிவில் இருந்ததை எவரும் சரிபார்க்கலாம்; காப்பகத்தாரே விரும்பினும் அம்முத்திரையை மாற்ற இயலாது. ஆயிரம் கோப்புகளுக்கும் ஒரே பதிவு போதுமாதலின் செலவைக் காட்டி மறுத்தல் வீண்.

இம்முத்திரையால் வாசிப்பும் மெய்யாகிவிடும் என்பது அதனினும் பெரும்பிழை. பிழைப்பாடத்திற்கும் முத்திரை விழும். புள்ளியிடாத மெய்யையும் எகர ஏகாரத்தையும் பிரித்தறிவது கல்வெட்டறிஞர் கண்ணே. பாடத்தை வெளியிடும் ஆய்விதழ்கள் மூலக்கோப்பின் சுருக்கெண்ணையும் உடன் அச்சிடுதல் வேண்டும். அதற்கு இரண்டு வரி இடம் போதும்.