இலை உதிராக் கரைக்கு இலையுதிர்காலமா?

சென்ற புரட்டாசிக் கடைசியில் எம் தமிழ்த்துறை அறைக்கு ஒரு வண்ணக் கையேடு வந்து சேர்ந்தது. கல்லூரிச் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்து தரும் தனியார் நிறுவனமொன்று அனுப்பியது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. குற்றம் அவர்களுடையது மட்டுமன்று என்பதைப் பின்னால் சொல்லப் போகிறோம். சோழமண்டலக் கடற்கரையில் இலையுதிர்காலச் சுற்றுலா என்பது தலைப்பு. அட்டையில் செம்பொன் நிறத்தில் மேப்பிள் இலைகள் பறந்துகொண்டிருந்தன. உள்ளே பிச்சாவரம், தரங்கம்பாடி, கோடியக்கரை ஆகிய ஊர்கள். மூன்றுக்கும் ஒரே வானம், ஒரே வெயில், ஒரே சாய்நாற்காலி. பயண நாட்கள் மட்டும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குறிக்கப்பட்டிருந்தன.

சிரித்துவிட்டுக் குப்பைக்கூடையில் இட்டிருக்கலாம். துறை நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். நமக்கு முடியவில்லை. ஒரு நிலத்தின் பருவத்துக்குத் தவறான பெயரைச் சூட்டுவது அச்சுப்பிழை போன்ற சிறிய செய்தியன்று என்பது நம் எண்ணம். பெயர் தவறினால் பார்வை தவறும். கடற்கரையில் பார்வை தவறினால் உயிரும் தவறக்கூடும்.

முதலில் இலையைப் பற்றியே பேசுவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பரந்து கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. சுரபுன்னையும் கண்டலும் மொத்தமாக இலை கொட்டி மொட்டையாக நிற்பதில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தின் முதிர்ந்த இலைகள் சிவந்து உதிர்வதுண்டு, மெய்தான். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் மேப்பிள் அன்று அது. உள்நாட்டில் அரசும் இலுப்பையும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். ஆக, நம் மண்ணில் இலை உதிரும் காலம் பின்பனி. ஐப்பசியில் இலை உதிரவில்லை, மழை உதிர்கிறது.

ஆங்கிலப் பள்ளிப் பாடநூலில் படித்த நான்கு பருவங்களுக்குள் நம் ஆறு பெரும்பொழுதுகளை அடைத்துவிடலாம் என்ற நினைப்பே இந்தக் கோளாறுக்கு வேர். வடமொழி மரபு இதே மாதங்களைச் சரத் என்று அழைக்கும். அங்கே மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் அது. நமக்கோ மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைப் பெரும்பகுதி தடுத்துவிடுவதால், வடகிழக்குப் பருவம் தொடங்கிய பின்னரே வானம் இறங்கி வருகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். வடக்கே வானம் வெளுக்கும்போது இங்கே கறுக்கிறது. இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று தனிப்பெயர் இட்டனர்.

கூதிர் செத்துப்போன சொல் என்று எவரும் வாதிட வேண்டாம். தஞ்சைப் பக்கத்திலும் நெல்லைப் பக்கத்திலும் ஈழத்திலும் இன்றும் வயதானவர்கள் போர்வையை இழுத்துக்கொண்டு ‘கூதலடிக்குது’ என்கிறார்கள். நிகண்டு படித்தவர்கள் அல்லர் அவர்கள். சொல்லை வாயில் வைத்திருக்கிறார்கள். நாம்தான் கையேட்டில் வைக்க மறுக்கிறோம்.

இனி இதற்கு நேர் எதிரான இன்னொரு தரப்பு. இந்த மாதங்களில் கடற்கரைக்குப் போகவே கூடாது, அது ‘ஆஃப் சீசன்’ என்பவர்கள். கடற்கரையென்றால் கோடை விடுமுறை, கோடை விடுமுறையென்றால் மே மாதம் என்பது இவர்கள் எழுதி வைத்திருக்கும் இலக்கணம். நம் பழைய இலக்கணம் இவ்வளவு குறுகியதன்று. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று பெரும்பொழுதைப் பங்கிட்ட மரபு, நெய்தலுக்கு ஆறு பொழுதையும் உரிமையாக்கிவிட்டது. கடலோரத்துக்கு ஆகாத பருவம் என்று ஒன்றில்லை என்பதே இதன் பொருளாக நமக்குப் படுகிறது. இலக்கணம் ஆறு கொடுத்தது. சுற்றுலாத் தொழில் ஐந்தைப் பிடுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் திருப்பித் தருகிறது.

அந்த ஒன்றில்தான் என்ன காண்கிறார்கள்? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மீன்பிடித் துறைமுகம் பார்க்க மே மாதம் வருகிறவர் பார்ப்பது அந்த வரிசையைத்தான். பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடத்தைக் காண வருபவர் பெரும்பாலும் மணல்மேட்டைக் கண்டு, காவிரி எங்கே என்று தேநீர்க் கடைக்காரரிடம் கேட்பார். கோடியக்கரைக்கு வலசை வந்த பறவைகள் திரும்பிப் போயிருக்கும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வேதாரண்யத்து உப்பளங்களை அவற்றின் முழு உழைப்பில் காணக் கோடைதான் ஏற்ற காலம். 1930இல் இராஜாஜி தலைமையில் நடந்தவர்கள் உப்பெடுக்க வந்து சேர்ந்ததும் ஏப்ரல் மாதக் கடைசியில்தான். கோடைக்கு உரியதைக் கோடைக்குக் கொடுப்போம். கூதிருக்கு உரியதை ஏன் கொடுக்க மறுக்கிறோம் என்பதே நம் வழக்கு.

கூதிருக்கு உரியவை எவை? ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் துலா நீராட்டு. மாதத்தின் கடைசி நாளில் கடைமுகம். அதற்கு வரமுடியாமல் தாமதித்தவனுக்கும் கதவடைக்காமல் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. பிந்தி வருபவனுக்காக ஒரு நாளைக் கூட்டி வைத்த மக்களைக் காண அந்த ஊருக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1306இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்து அலைகளுக்குத் தன் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. கடல் ஒரு கோயிலைத் தின்றது என்று கோடையில் சொன்னால் மாணவர் நம்பமாட்டார். கடல் அப்போது பூனைபோல் படுத்திருக்கும். வாடைக்காற்று வீசும் ஓர் ஐப்பசி மாலையில் கோட்டைச் சுவருக்கு இப்பால் நின்று பார்த்தால் விளக்கவுரை தேவைப்படாது.

அதே மாதத்தில் கந்த சஷ்டி. நாகைக்கு அருகே சிக்கலில் வேல் வாங்குதல். மறுநாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். சோழமண்டலக் கரையில் வாங்கிய வேல் முத்துக்குளித்துறைக் கரையில் எறியப்படுகிறது என்ற நம்பிக்கை இரண்டு கரைகளையும் ஒரே விழாவாகத் தைத்துவிடுகிறது. இலட்சக்கணக்கானோர் கூடும் இந்தக் கடலோரப் பயணம், கடற்கரைக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் பருவத்தில்தான் நடக்கிறது. எந்தக் கையேட்டையும் கேட்டுக்கொண்டு மக்கள் போகவில்லை.

கோடியக்கரையைத் தனியே சொல்ல வேண்டும். வடக்கு தெற்காக வந்த கரை மேற்கே திரும்பும் முனை அது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசியிலிருந்து அங்கே பூநாரைகள் வரத் தொடங்கும். சைபீரியா உள்ளிட்ட வடநிலங்களிலிருந்து உள்ளங்கையளவு உள்ளான்கள் வந்து இறங்கும். மழையில் தளிர்த்த புல்வெளியில் இரலை மான்கள் மேயும். சங்கப் பாட்டில் இரலையைப் படித்துவிட்டு அது எப்படி இருக்கும் என்று அறியாமலே பட்டம் பெறும் மாணவர்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கார்த்திகை வந்தால் கோயில் முன்னே சொக்கப்பனை எரியும். சிற்றூர்ப் பிள்ளைகள் பனம்பூக் கரியில் மாவலி கட்டிச் சுற்றுவார்கள். நனைந்த இருளில் அந்தப் பொறிவட்டம் தரும் இன்பத்தை வேறெந்தப் பருவமும் தராது.

இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் வலுவானவை. முதலாவது, கூதிர் ஆபத்தானது என்பது. ஆம், ஆபத்தானதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது மனிதரும் மாடும் மானும் மாண்டனர், தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இதை அறிந்தே சொல்கிறோம். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் எவரும் புறப்பட வேண்டா. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால், அந்த எண்ணின் பொருளை ஊராரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். கொந்தளிக்கும் கடலில் கால் நனைக்கவும் இறங்கக் கூடாது. படகு விடவில்லை என்றால் படகோட்டியோடு வழக்காடக் கூடாது. ஆனால் ஆபத்தைப் பெருக்குபவர் யார்? பருவத்தின் பெயரைச் சொல்லிப் போகச் சொல்லும் நாமா, மேப்பிள் இலையைக் காட்டி நீலக்கடல் என்று ஆசை மூட்டி நவம்பரில் பிள்ளைகளைக் கரையில் இறக்கிவிடும் கையேடா? கூதிர் என்று எழுதியிருந்தால் படித்தவன் குடையாவது எடுத்திருப்பான். இலையுதிர்காலம் என்று எழுதினால் நீச்சலுடையை எடுப்பான்.

இரண்டாவது மறுப்பு நம்மை நெடுநாள் தூங்கவிடாதது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பெரும்பொழுது ஆறையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். கூதிர் என்று எழுதியபோது நாகை மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “எங்க வீட்ல இதுக்கு வேற பேரு ஐயா. கடலுக்குப் போகாத மாசம்.” வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காற்று மாறிய நாளிலிருந்து எத்தனை நாள் வலை காயாமல் கிடக்கும், எத்தனை நாள் கடையில் கடன் எழுதப்படும் என்று கணக்குச் சொன்னார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு காற்றையும் திசையோடு சொன்னார். நாம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தோம்.

அப்படியானால் பிறர் பட்டினியை வேடிக்கை பார்க்கவா பயணிகளை அழைக்கிறீர்கள் என்று கேட்கலாம். புயல் கடந்த மறுநாள் கைப்பேசியோடு சென்று இடிந்த குடிசைகளைப் படமெடுத்தவர்களை நாமும் கண்டிருக்கிறோம்; அதற்குப் பயணம் என்று பெயரில்லை. ஆனால் மழை விட்ட இடைவெளி நாட்களில் மரியாதையோடு வந்து, அந்த ஊர் இட்டிலிக் கடையில் உண்டு, அந்த ஊர் வீட்டில் வாடகை கொடுத்துத் தங்கி, அந்த ஊர்ப் படகோட்டிக்குக் கூலி கொடுத்துப் போகிறவர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். வருமானம் இருக்கும் மாதத்தில் கூட்டமாக வந்து, வருமானம் இல்லாத மாதத்தில் எட்டிப் பாராத உறவு என்ன உறவு?

இப்போது நம் குற்றத்துக்கு வருவோம். அந்த மாணவர் பேசிய ஆண்டிலேயே, ஐப்பசியில் இரண்டு நாள் கோடியக்கரைப் பயணம் என்று கல்லூரியில் விண்ணப்பித்தோம். மழைக்காலம், பொறுப்பு யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தேர்வு முடிந்து சித்திரையில் போனோம். பறவை இல்லை, படகு இல்லை, வெயில் இருந்தது. நாற்பது மாணவர்கள் வெள்ளைத் தரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுமுறை விண்ணப்பிக்கும் ஊக்கம் நமக்கும் இல்லாமற்போயிற்று. கூதிரைக் களமாகக் கொண்ட நெடுநல்வாடையை அடுத்த ஐப்பசியிலும் சன்னல்களைச் சாத்திவிட்டு, சாரல் படாமல், ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்தினோம். பயண நிறுவனம் மேப்பிள் இலையை எங்கிருந்து எடுத்தது என்று கேட்கும் தகுதி, சன்னலைச் சாத்தியவர்களுக்கு எவ்வளவு உண்டு?

ஆகவே நாம் கேட்பவை சிறியவை. சுற்றுலாக் கையேடு எழுதுவோர் மாதத்தின் பெயரையும் காற்றின் பெயரையும் எழுதட்டும். செய்யத் தக்கவற்றோடு செய்யத் தகாதவற்றையும் அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு பயணத்தையாவது, வானிலை அறிவிப்பைப் பார்த்துத் தள்ளிவைக்கும் உரிமையோடு, கூதிரில் அனுமதிக்கட்டும். தமிழாசிரியர்கள் சன்னலைத் திறக்கட்டும்.

அந்த மாணவர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர். கையேட்டைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, “இந்தக் கார்த்திகைக்கு வாங்க ஐயா, மழை விட்டதும் சொல்றேன்” என்றார். இம்முறை எவரிடமும் விண்ணப்பிக்கவில்லை. குடை எடுத்து வைத்திருக்கிறோம்.