15 ஆண்டில் பழையது, 50 ஆண்டில் பாரம்பரியம்: இடையில் சிக்கிய மலைப்பாதை ஜீப்புகள்

பெருமாட்டி (பாலக்காடு): பழைய வாகனங்களைச் சாலையிலிருந்து விலக்கும் மத்திய அரசின் விதிகள் அடுத்தடுத்து இறுகிவரும் நிலையில், கேரள - தமிழக எல்லையின் மலைப்பாதைகளில் ஓடும் ஜீப்புகளின் எதிர்காலம் கேள்விக்குறியாகியுள்ளது. அமெரிக்காவில் உருவான இந்த வாகனம் சட்டத்தின் பார்வையில் 15 ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. 50 ஆண்டுகளைத் தாண்டினால் பாரம்பரிய வாகனமாகும் வாய்ப்பைப் பெறுகிறது. இடைப்பட்ட 35 ஆண்டுகளை அது எவ்வாறு கடப்பது என்பதற்கு விதிகளில் தெளிவான வழி இல்லை.

பெருமாட்டி, சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய சமவெளி ஊராட்சி. அதே வட்டத்தைச் சேர்ந்த நெல்லியாம்பதி மலையில், மாம்பாறை போன்ற இடங்களுக்கு ஜீப்பில்தான் செல்ல முடியும். தெற்கே இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் பாதையும் அத்தகையதே. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், அதற்கான வாகனப் பாதை கேரளத்தின் வழியாகவே செல்கிறது. கம்பம், போடி பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் எல்லை கடக்கும் தொழிலாளர்களும் ஜீப்புகளையே பெரிதும் நம்பியுள்ளனர்.

போர்க்களத்திலிருந்து தோட்டத்துக்கு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. போருக்குப் பின், 1940-களின் இறுதியில், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா நிறுவனம்.

அதற்கு முன்பே அமெரிக்கக் கார்கள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் இந்தியாவில் அதே பணியில் ஈடுபட்டிருந்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்ததை அடுத்து, இரண்டும் தங்கள் ஆலைகளை மூடின. உதிரிபாகம் கிடைக்காத செவர்லே, ஃபோர்டு கார்களில் எஞ்சியவை இன்று ஆர்வலர்களின் கொட்டகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. பெருமாட்டிக்கு அருகிலுள்ள கோவையில், ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015 முதல் பழங்கால வாகனங்களைக் காட்சிப்படுத்தி வருகிறது.

ஜீப்பின் கதை வேறு. அதன் பாகங்கள் படிப்படியாக இந்தியாவிலேயே தயாராகின. அமெரிக்காவில் 1968-இல் நிறுத்தப்பட்ட சிஜே-3பி வகையின் வழிவந்த ஜீப்புகள், இந்தியாவில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உற்பத்தியாயின. எனவே அமெரிக்கப் பாணி வாகனங்களில் பார்வைப் பொருளாகாமல் உழைக்கும் வாகனமாகவே நீடித்தது ஜீப் மட்டுமே எனலாம்.

பட்டறைகளின் பங்கு

இந்த நீண்ட ஆயுளுக்கு அதன் எளிய அமைப்பே காரணம். ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட உடற்பகுதி, லீஃப் ஸ்பிரிங், குறைந்த மின்சாதனங்கள் ஆகியவையே அதன் அடிப்படை. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கலாம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்தலாம். கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வார்ப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவை அருகிலிருப்பது எல்லைப் பகுதி மெக்கானிக்குகளுக்கு வாய்ப்பாக அமைந்தது.

ஆனால் பிழைத்திருக்கும் ஜீப்புகளில் பல பிறந்தபடியே இல்லை. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் உரிமையாளர்கள் டீசல் என்ஜினுக்கு மாறினர். மஹிந்திராவே 1980-களில் பெஜோ டீசல் என்ஜினுடன் ஜீப்புகளை விற்றது. இந்த மாற்றமே இப்போது சட்டச் சிக்கலாகியுள்ளது.

விதிகள் கூறுவது என்ன?

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். சேஸிஸ், உடற்பகுதி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

மறுபுறம், 20 ஆண்டுகளைக் கடந்த சாதாரண இலகுரக வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.5,000-லிருந்து ரூ.10,000 ஆக உயர்ந்தது. இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனத்துக்கு இது ரூ.80,000. கேரளமும் 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான வரியை 2025 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது.

தயாரிப்பாளர் நிர்ணயித்த வடிவமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. என்ஜினை மாற்றவும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1985-இல் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவான ஜீப், 2035-இல் 50 ஆண்டுகளை எட்டுமுன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என ஏழு முறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். இடையில் என்ஜின் மாறியிருந்தால் அதன் பிறகும் பழம்பெரும் வாகனப் பதிவு கிடைப்பது கடினம்.

பெட்ரோல் ஜீப்பை மாற்றாமல் காத்தவர்களுக்கும் சிக்கல் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பரவலாக விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் எரிபொருள் பம்பின் டயஃப்ரத்தையும் சிதைக்கும். வாகனம் நீண்டநாள் நின்றால் தொட்டியில் துருவேறும். இக்கலவையை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்ததால், குழாய்களையும் பம்பையும் மாற்றுவதே உரிமையாளர்களுக்கு எஞ்சிய வழி.

பாதுகாப்பும் முக்கியம்

பழைய ஜீப்புகளுக்கு முழு விலக்கு அளிப்பதும் தீர்வாகாது. பழைய டீசல் என்ஜின்களின் புகையும், சீட் பெல்ட் இல்லாமையும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும் உண்மையான ஆபத்துகள். இடுக்கி மாவட்ட நிர்வாகம் 2025 ஜூலையில் ஜீப் சவாரிகளுக்குத் தடை விதித்து, பின்னர் கட்டுப்பாடுகளுடன் தளர்த்தியது இதை உணர்த்துகிறது.

பிற நாடுகள் நடுவழி கண்டுள்ளன. ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து நல்ல நிலையில் உள்ள வாகனங்களுக்குத் தனிப் பதிவெண் உண்டு. அந்தக் காலத்திலேயே வழக்கில் இருந்த மாற்றங்கள் ஏற்கப்படுகின்றன. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு வரிவிலக்கு உண்டு; அவற்றை அன்றாடச் சாலையிலும் ஓட்டலாம்.

இந்தியாவிலும் 25 முதல் 50 ஆண்டு வரையிலான வாகனங்களுக்கு இடைநிலைப் பிரிவு ஒன்றை உருவாக்கலாம். அதில் வயதை விடுத்து பிரேக், ஸ்டீயரிங், சேஸிஸ், புகை ஆகியவற்றின் நிலையை ஆண்டுதோறும் சோதிக்கலாம். தயாரிப்பாளரே பின்னாளில் பொருத்திய வகை என்ஜின்களை ஆவணப்படுத்தி ஏற்கலாம். மாற்றுச் சாலை இல்லாத மலைப்பாதைகளுக்கு ஆள் எண்ணிக்கை வரம்புடன் அனுமதி வழங்கலாம்.

அத்தகைய ஏற்பாடு தாமதமானால் முதலில் மறைவது பட்டறைகளின் அனுபவ அறிவாகவே இருக்கும். தோட்டத் தொழிலாளர்களோ, தகுதிச் சான்றே பெறாமல் ஓடும் வாகனங்களில் மலையேற வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார்கள்.