தீட்டு வீட்டுக்காரன் கடலில் இறங்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிஞ்சு சாவகாசமா உட்காரும்போது படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுக்களில் சுத்திக்கிட்டு இருக்கு. நாலு பேர், வேர்த்து நனைஞ்ச சட்டை, கழுத்தில் பதக்கம். நாலு பேருமே நம்ம அன்னதானக் கூடத்து ஆளுங்க. வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. வாழ்த்தோடு சேர்ந்து வந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. "தம்பி போய் இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள நீச்சலும் சைக்கிளுமா?"

ரெண்டு மூணு பேர் என்கிட்டயே கேட்டாங்க. நேரா கேட்டது நல்லதுதான். அதிகம் பேர் எங்கம்மாகிட்ட கேட்டிருக்காங்க. அது தேவையில்லாத வேலைன்னு நினைக்கிறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். என் தம்பி போன ஆகஸ்ட் மாதம் மாரடைப்பில் தவறிட்டான். வயசு 41. வெள்ளிக்கிழமைகளில் நம்ம கூடத்தில் சோறு வடிக்கிறது அவன் பொறுப்பு. பெரிய அண்டாவை ரெண்டு பேர் தூக்கணும், அதில் ஒரு கை அவனுடையது. மறு கை என்னுடையது.

நாங்க போனது டிரையத்லான். முதலில் கடலில் நீச்சல், கரையேறி அப்படியே சைக்கிள், இறங்கி அப்படியே ஓட்டம். நடுவில் உட்கார்ந்து இளைப்பாற நேரம் கிடையாது, கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். 1978-இல் ஹவாயில் 15 பேர் சேர்ந்து தொடங்கி 12 பேர் முடிச்ச "அயர்ன்மேன்" போட்டியைத்தான் பலரும் நினைச்சுக்கிறாங்க. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான். அது நமக்கு ஆகாது சாமி. நாங்க செஞ்சது சின்னது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஜெயிக்கப் போனவங்க எல்லாம் குளிச்சு, சாப்பிட்டு, காரில் ஏறுன நேரம் அது.

இப்ப கேள்விக்கு வர்றேன். தீட்டு காக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. காத்தேன், இன்னும் காக்கிறேன். சில வீட்டில் 16 நாள் காரியத்தோட முடிச்சுக்குவாங்க. சில வீட்டில் ஒரு வருஷம். எங்க வீட்டு வழக்கம் ஒரு வருஷம். குருக்களைக் கேட்டதுக்கு, "உங்க வீட்டுப் பெரியவங்க எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே செய்யுங்க"ன்னுட்டாரு. அதனால தீபாவளிக்குப் பலகாரம் இல்லை, பொங்கல் பானை வைக்கல, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கல. பத்துமலைப் படி 272-இல் ஒன்றுகூட மிதிக்கல. பதினாறு வயசிலிருந்து எந்தத் தைப்பூசத்துக்கும் வீட்டில் இருந்தவன் இல்லை நான். இந்த வருஷம் இருந்தேன்.

அந்த ராத்திரி எப்படி இருக்கும்னு தீட்டு காத்தவங்களுக்குத் தெரியும். துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் கிளம்பியிருக்கும். பதினைஞ்சு கிலோமீட்டர் ஊர்வலம். நம்ம ஆளுங்க தண்ணீர்ப் பந்தலில் கலக்கிக்கிட்டு இருப்பாங்க. தூரத்தில் எங்கேயோ உறுமி சத்தம். நாம மட்டும் டிவியை அணைச்சுட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

காவடி எடுத்தவங்க எல்லாம் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 48 நாள் விரதம்னா என்ன? விடியுமுன்னே எழுந்து குளிக்கணும். ஒரு வேளைச் சாப்பாடு. தரையில் படுக்கை. உடம்பு ஒரு ஒழுங்குக்குள்ள வந்துடும். அப்புறம் அந்த நாள், நடை, வெயில், பாரம். பாரம் உங்க தோளில்தான். வேற யாரும் அதை வாங்கிக்க முடியாது. ஆனா முன்னாலயும் பின்னாலயும் பத்துப் பேர் வேல் வேல்னு கத்திக்கிட்டு வருவாங்க, கால் தடுமாறினா இடுப்பைப் பிடிப்பாங்க. மனசு தாங்காத ஒன்றை உடம்பைக்கொண்டு தாங்க வைக்கிற வித்தை நம்ம மக்களுக்குத் தெரியும். யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனா அது எந்த வருஷம் ரொம்பத் தேவைப்படுதோ அந்த வருஷம்தான் தீட்டுக்காரனுக்கு அது கிடையாது. இது என் குறை இல்லை, வழக்கம் அப்படி. அந்த இடத்தை வேற எதைவச்சு நிரப்புறோம்ங்கிறதுதான் என் கேள்வி. பெரும்பாலான வீட்டில் எதைவச்சும் நிரப்புறதில்லை. 16-ஆம் நாள் வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம், வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. 17-ஆம் நாள் காலையில் எழுந்து பார்த்தா வாடகைக் கூடாரத்தைப் பிரிச்சு லோரியில் ஏத்திக்கிட்டு இருப்பாங்க. அதோட சரி. "தீட்டு வீடு, தொந்தரவு பண்ண வேணாம்"னு எல்லாரும் ஒதுங்கிடுவாங்க.

தீட்டுன்னா அந்த வீட்டுக்காரன் கோயில் காரியத்துக்கு வரமாட்டான். சரி. கோயில்காரங்க அவன் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு யார் சொன்னது? எங்க பாட்டி காலத்துத் தோட்டத்தில், லயத்தில் ஒரு சாவு விழுந்தா அந்த வீட்டு அடுப்பை மூட்ட விடமாட்டாங்களாம். மாத்தி மாத்தி மத்த வீட்டுச் சோறுதான் போகும். துக்கக்காரனை வேலையிலிருந்து விலக்கி வைக்கத்தான் அந்த விலக்கு. ஆளுங்ககிட்டேயிருந்து விலக்கி வைக்க இல்லை. தாமான் வீடுகளுக்குக் குடி வந்த பிறகு விலக்கை மட்டும் பத்திரமா எடுத்து வந்துட்டோம், சோத்தை லயத்திலேயே விட்டுட்டு வந்துட்டோம்.

எனக்கு அதிர்ஷ்டம், மூணு பேர் ஒதுங்கல. ஒருத்தர் லோரி ஓட்டுறவர், ஒருத்தர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இன்னொருத்தர் நம்ம கூடத்தில் பாத்திரம் கழுவுற அண்ணன். தம்பி போனதில் லோரிக்காரர் பயந்துட்டாரு. கிளினிக்கில் போய்ப் பார்த்தா சர்க்கரை எகிறி நிக்குது. இந்த நாட்டில் நீரிழிவு விகிதம் நம்ம இனத்தில்தான் அதிகம்னு அரசாங்கத்தின் சுகாதார ஆய்வே சொல்லுது, இதை அன்னதான வரிசையில் ரெண்டாவது தடவை பாயசம் கேட்கிறவங்க நினைவில் வச்சுக்கணும். ஆசிரியர் முன்னாடியே ஓட்டப் போட்டிகளுக்குப் போறவர். அவர்தான் டிரையத்லான் யோசனையைக் கொண்டு வந்தார். என்னைக் கேட்கவேயில்லை. "காலையில அஞ்சரைக்கு வாசலில் ஹார்ன் அடிப்பேன், வாங்க"ன்னார். அவ்வளவுதான். "எப்படி இருக்கீங்க, மனசைத் தேத்திக்குங்க"ன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரல. அந்த வார்த்தைகளை நான் பதினாறு நாளும் கேட்டாச்சு.

எனக்கு நீச்சல் தெரியாது. ஈயக்குட்டை ஓரத்தில் வளர்ந்த பிள்ளைங்க பாதிப்பேருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் குட்டையில் முழுகிச் செத்ததைப் பார்த்த அம்மாக்கள் பிள்ளைங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டாங்க. அதோட, நான் கடைசியா கடலில் இறங்கினது தம்பியின் அஸ்தியைக் கரைக்க. இடுப்பளவுத் தண்ணீரில் நின்னு, திரும்பிப் பார்க்காம வரணும்னு சொன்னாங்க, திரும்பாம வந்தேன். அதுக்கப்புறம் நாலு மாசம் குளியலறை ஷவர் சத்தம்கூடப் பிடிக்கல.

நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில், ஏழு வயசுப் பிள்ளைங்களோட சேர்ந்து மிதக்கக் கத்துக்கிட்டேன். முதல் மூணு வாரம் 25 மீட்டர் தாண்டல. தண்ணீருக்குள்ள மூச்சை விடணும், தலையைத் திருப்பி மூச்சை எடுக்கணும். கேட்க எளிசு. இதில் கவனம் போயிட்டா வேற எதையும் நினைக்க முடியாது. அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு அன்றைய நாளின் விடுமுறை. அப்புறம் சனிக்கிழமைகளில் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கி உடனே ஓடிப் பழகணும், இல்லாட்டி போட்டியன்று கால் நம்ம பேச்சைக் கேட்காது. முட்டிக்குக் கீழே கால் இருக்கா இல்லையான்னே தெரியாது. ஓடி முடிச்சதும் மாமாக் கடை. லோரிக்காரருக்குச் சீனி போடாத தே. அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே.

பேச்சு எப்ப வந்ததுன்னா, ஓடும்போது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வராத ஆம்பளைங்க பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது பேசிடுறாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை பாருங்க. பாத்திரம் கழுவுற அண்ணன் இருபது வருஷத்துக்கு முன்ன போன தன் மகளைப் பத்தி முதல் தடவையா அப்பதான் வாயைத் திறந்தாரு. அவரோட பதினெட்டு வருஷமா கூடத்தில் வேலை செய்யறேன், எனக்குத் தெரியாது.

போட்டியைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும். சைக்கிள் தாங்கியிலிருந்து வண்டியை எடுக்குறதுக்கு முன்ன ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்கணும், இல்லாட்டி தண்டனை. வெளியாளுங்க உதவி பண்ணக் கூடாது. ஆனா நீச்சலில் ஒரு சலுகை உண்டு. மூச்சு முட்டினா கையை உயர்த்தலாம், பாதுகாப்புக்கு நிக்கிற கயாக் படகு பக்கத்தில் வரும், அதைப் பிடிச்சுக்கிட்டு வேணுங்கிற நேரம் இளைப்பாறலாம். படகு நம்மை முன்னால இழுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். விட்டுட்டுத் திரும்ப நாமதான் நீந்தணும்.

ரெண்டாவது மிதவை தாண்டினதும் நான் கையை உயர்த்தினேன். களைப்பு இல்லை. அந்தத் தண்ணீரின் உப்பு வாய்க்குள்ள போனதும் அஸ்தி கரைச்ச நாள் ஞாபகம் வந்துடுச்சு. படகில் இருந்த மலாய்க்காரப் பையனுக்கு இருபது வயசிருக்கும். "பெலான் பெலான், பாக்சிக்" அப்படின்னான். மெதுவா, மெதுவா, மாமான்னு. அவன் படகைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் அழுதேன். தண்ணீரில் அழுதா ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அப்புறம் நீந்தினேன்.

இதனால துக்கம் போயிடுச்சான்னு கேட்டா, போகல. ஓடினா கவலை தீரும்னு விளம்பரம் பண்றவங்களை நான் நம்புறதில்லை. தம்பி பேரில் ஓடினேன், அவனுக்குக் காணிக்கைன்னும் சொல்லமாட்டேன். அவன் சைக்கிளே ஓட்டினதில்லை, பக்கத்துக் கடைக்குப் போகவும் மோட்டார்தான். அவன் படம் போட்ட சட்டை அடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், வேண்டாம்னுட்டேன். எனக்குக் கிடைச்சது, காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் வாசலில் காத்திருக்க மூணு ஆளும். துக்க வருஷத்துக்கு அது போதும்.

அப்ப கொண்டாட்டம் இல்லையா, பதக்கம் போட்டு சிரிக்கிறது சரியான்னு கேட்கிற பெரியவங்களுக்கு: நான் சிரிச்சது உண்மை. சிரிப்பு வந்தது, சிரிச்சேன். வீட்டில் முடங்கிக் கிடந்தா தம்பி மேல பாசம் அதிகம்னு அர்த்தமாகிடுமா? அவன் போனதுக்கு எங்கம்மா முடங்கிட்டாங்க. நானும் முடங்கியிருந்தா அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் கிடையாது.

இன்னொரு விஷயம். நான் ஆம்பளை, அதனால பேச்சு இத்தோட நின்னுது. தம்பி மனைவிக்கு அதுவும் கிடையாது. அவங்களுக்கு வயசு 38, ரெண்டு பிள்ளைங்க. ஆசிரியரின் மனைவி சாயங்காலம் அவங்களை ஏரிப் பூங்காவில் நடக்கக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டாவது வாரமே, "புருஷன் போன பொம்பளை டிராக்சூட் போட்டுக்கிட்டு திரியுது"ன்னு பேச்சு வந்துடுச்சு. பேசினவங்க நம்ம வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் வரிசையில் உட்காருறவங்க. பேர் சொல்லமாட்டேன், இதைப் படிப்பீங்க. அவங்க நடக்கிறதை நிறுத்திட்டாங்க. எனக்குக் கிடைச்ச வாசல் ஹார்ன் சத்தம் அவங்களுக்குக் கிடைக்கல. கிடைச்சதையும் நாம பிடுங்கிட்டோம். என்னைப் பத்திக் கேட்ட கேள்வியைவிட இதுக்குத்தான் எனக்குக் கோபம் அதிகம்.

மகளிர் பிரிவு அக்காமார்களே, டிரையத்லானுக்கெல்லாம் யாரும் போக வேணாம். நம்ம உறுப்பினர் பட்டியலில் இந்த ஒரு வருஷத்தில் சாவு விழுந்த வீடுகள் எத்தனைன்னு உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. நான் எண்ணினதில் எங்க வீட்டைச் சேர்த்து ஒன்பது. அந்த வீடுகளுக்கு வாரத்துக்கு ஒருத்தர் போனா போதும். பிரசாதம் கொண்டு போகலாமா கூடாதான்னு சந்தேகம் வந்தா வெறுங்கையோட போங்க. நடக்கிறவங்களோட நடங்க. தோட்டம் போடுறவங்களோட மண்ணு கிளறுங்க. முன்கூட்டியே "தேவைன்னா கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு வராதீங்க. யாரும் கூப்பிடமாட்டாங்க. கிழமையையும் நேரத்தையும் நீங்களே சொல்லிட்டுப் போய் நில்லுங்க.

தம்பியின் திதி ஆவணியில் வருது. அது முடிஞ்ச வெள்ளிக்கிழமை அவன் மனைவி திரும்பக் கூடத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. முன்ன அவங்க காய்கறி மேசையில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வந்ததும் சுத்தி நின்னு கண்ணீர் விடாதீங்க, அன்றைக்கு மட்டும் தயவுசெஞ்சு. கத்தியும் பலகையும் குடுங்க. அன்றைக்கு சாம்பாருக்கு முப்பது கிலோ பூசணி வருது, ஆள் பத்தாது.