ஆய்வுக்கூடம் என்றால் இளக்காரமா?

“ஏன் தம்பி, மருத்துவம் கிடைக்கவில்லையா?” உயிர்வேதியியலில் பட்டம் பெற்று, மருத்துவ ஆய்வுக்கூடமொன்றில் ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்த இளைஞனை நம் சமுதாயம் வரவேற்கும் முறை இது! மருத்துவரானால் மாலை, ஆய்வாளரானால் அனுதாபம். இந்தப் போக்கு மாற வேண்டும்.

நோய் தீர்ப்பவர் மருத்துவரே. ஆயினும், நோயின் காரணத்தைக் கண்டறிந்து அவர் கையில் கொடுப்பது ஆய்வன்றோ? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் உயிர்களைச் சூறையாடியது. தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. மருத்துவர் பிராடன் இதனைக் கவனித்து எழுதினார். 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், 1907இல் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியும் கொடுத்துச் சோதித்தனர். தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே உயிர்காக்கும் சத்து உண்டு என்பது அவ்வழியே தெளிவாயிற்று.

அண்மை வரலாறும் இதையே சொல்கிறது. 1998இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிக் கொசு மருந்தடித்தனர்; தடுப்பூசி போட்டனர்; சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நிப்பாக் கிருமி பிடிபட்ட பின்னரே உண்மைப் பகைவன் யாரெனப் புலனாயிற்று.

“சம்பளம் குறைவு, ஆய்வு மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும்” என்பர். மறுக்கவில்லை. ஆனால், 2016இன் இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த புதிய மருத்துவர்களும் ஒப்பந்தத்தின்பேரில்தானே எடுக்கப்பட்டனர்? ஆய்வுக்கூடத்தில் கழியும் ஓரிரண்டு ஆண்டுகளில் ஒரு பட்டதாரி உயிரணுக்களை வளர்க்கக் கற்கிறான். ஒரே சோதனையைப் பலமுறை செய்து சரிபார்க்கிறான். பிழைத்துப்போன முடிவையும் மறைக்காமல் குறிப்பேட்டில் பதிகிறான். முனைவர் பட்டத்திற்கு இதனினும் நல்ல படிக்கட்டு ஏது? விருப்பமில்லாத பிள்ளையைக் கடன்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆசிரியப் பெருமக்களே! அறிவியல் வகுப்பில், “யார் மருத்துவராகப் போகிறீர்கள்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “நோயின் காரணத்தைத் தேடப் போகிறவர் யார்?” என்றும் கேளுங்கள். அன்று நம் முன்னோரின் சோற்றுப்பானை ஆய்வுக்குச் சான்றாக நின்றது. இன்று அவர்தம் பேரர்கள் ஆய்வாளராய் நுண்ணோக்கியின் முன் அமரட்டும். அவ்வாறு அமர்பவனைப் பார்த்து, “மருத்துவம் கிடைக்கவில்லையா?” என்று இனியும் கேட்போமாயின், தலைகுனிய வேண்டியவன் அவனல்லன், நாமே!