மதிப்பெண் பட்டியலை யார் நம்புவது?

வடசென்னையில் கொருக்குப்பேட்டையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் அதற்குள் நான்கு கல்லூரிகள் வந்துவிடும். பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பிரகாசம் சாலையில் பாரதி மகளிர் கல்லூரி, பிறகு வந்த ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி. வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு பக்கம் சென்னைத் துறைமுகமும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸும், இன்னொரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அசோக் லேலண்டும், அதற்கப்பால் காமராஜர் துறைமுகமும் அத்திப்பட்டு அனல் மின் நிலையமும் சேர்ந்துகொள்ளும். இத்தனை அருகில் இருந்தும், இங்கிருந்து பட்டம் வாங்கி வெளியே வருகிற பி.காம்., பி.எஸ்சி. பட்டதாரிக்கு அந்த கேட்டுகள் தாமாகத் திறப்பதில்லை. அடுத்து எந்த கோர்ஸ் சேரலாம், எந்தத் தேர்வுக்குப் படிக்கலாம் என்றுதான் அவர் விசாரிக்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடப் படிப்பு முடிந்த பிறகும் தகுதி என்று சொல்லிக்கொள்ள இன்னொரு காகிதம் தேவைப்படுகிறது என்றால், முதல் காகிதத்தில் ஏதோ குறைகிறது.

கல்லூரிக்குள் பிள்ளைகளைக் கொண்டுவருவதில் தமிழ்நாடு சாதித்துவிட்டது. அதில் சந்தேகமே வேண்டாம். 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மீன்பிடித் துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டிலும் வேலை பார்ப்பவர்களின் வீட்டில் முதல் பட்டதாரி உருவாவதை இவை எளிதாக்கியிருக்கின்றன. சிக்கல் வெளியே போகும் வாசலில் இருக்கிறது. 2022-23-ம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடையே அது 13.4. அதே 2022-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தத் தேர்வு அறைகளில் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் உட்கார்ந்திருப்பது இப்போது யாருக்கும் செய்தியே இல்லை.

இதற்கு அரசு கண்டிருக்கும் மருந்து, 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன். நல்ல திட்டம்தான். வகுப்பு நேரத்திலேயே இடம் ஒதுக்கி, கிரெடிட்டும் கொடுத்து, கணினி முதல் வங்கித் துறை வரை திறன் பயிற்சி தருகிறது. ஆனால் அது பட்டத்தின் மேல் ஒட்டப்படும் ஒன்று. ஒரு பருவத்தில் சில மணி நேரப் பயிற்சியால் மீதி ஐந்து பாடங்களின் தரத்தைத் தூக்கிவிட முடியாது. பட்டத்தின் மதிப்பு என்பது, அந்த மாணவரை முன்பின் தெரியாத ஒருவர் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கி, இதில் எழுதியிருப்பது இவருக்குத் தெரியும் என்று நம்புவதுதான். அந்த நம்பிக்கையை உண்டாக்குவது வகுப்பில் யார் பாடம் நடத்துகிறார், தேர்வை யார் எப்படி நடத்துகிறார், படிக்கும்போதே வேலை செய்யும் இடத்தைக் கண்ணால் பார்த்தாரா என்ற மூன்றும்தான். மூன்றுக்கும் சாவி பெரும்பாலும் மாநில அரசின் கையில் இருக்கிறது. 1976-ல் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போன பிறகும் இந்த மூன்றும் இங்கேதான் இருக்கின்றன.

முதலில் ஆசிரியர். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 160-ஐத் தாண்டிவிட்டன. கட்டடம் எழும்பிய வேகத்தில் பணியிடம் நிரம்பவில்லை. ஆயிரக்கணக்கான வகுப்புகளை மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல; பலர் நெட், செட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள். ஆனால் அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாதவர் ஆய்வகத்தை வளர்க்க மாட்டார், பக்கத்து ஆலையோடு பேசி மாணவரை அனுப்ப மாட்டார், பழைய மாணவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும் நிலையிலும் இருக்க மாட்டார். இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொன்னது. 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுப்பதாக ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தது. குறித்த ஆகஸ்டில் எழுத்துத் தேர்வு நடக்காமல் தள்ளிப்போனது.

பணம்தான் தடை என்றால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். படிகள் சேர்த்து மாதம் ஒரு லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 4,000 பேருக்கு ஆண்டுக்கு 480 கோடி. அதே இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பதினோரு மாதம் தரும் 110 கோடியைக் கழித்தால் கூடுதல் செலவு 370 கோடி. 2024-25 பட்ஜெட்டில் உயர்கல்விக்கு ஒதுக்கியது 8,212 கோடி. அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட வராத தொகை இது. ஓய்வுக்காலச் செலவை நிதித் துறை நினைவூட்டும்; நினைவூட்டட்டும். ஆசிரியர் இல்லாத துறையில் மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டு வருபவரின் இழப்பை எந்தத் துறையும் கணக்கில் எழுதுவதில்லை. தனியார் பொறியியல் கல்லூரிகள் இதைவிட மோசமான பாடத்தைத் தந்தன. ஒரே ஆள் பல கல்லூரிகளில் ஆசிரியராகக் காட்டப்படுவதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. 189 பேர் சுமார் 2,000 இடங்களில் கணக்கு காட்டப்பட்டிருந்ததை அண்ணா பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது. இணைவிப்பு அனுமதிக்காக ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் ஆசிரியர் இருந்தால் போதும் என்ற ஏற்பாட்டில் வெளிவந்த பட்டத்தை ஒரு நிறுவனம் சந்தேகத்தோடு பார்த்தால், அதைத் தப்பு சொல்ல முடியுமா?

தேர்வு பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டிய அத்தனை பேருக்கும் அரியர் தேர்ச்சி என்று அன்றைய அரசு அறிவித்தது. ஏஐசிடிஇ எதிர்த்தது, கடைசியில் உயர் நீதிமன்றமும் 2021-ல் அதை ஏற்கவில்லை. கொரோனா காலத்து இக்கட்டு என்பது உண்மை. ஆனாலும் ஒரு கையெழுத்தில் ஒரு தலைமுறையின் மதிப்பெண் பட்டியல் மீது கேள்விக்குறி போட ஓர் அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாதிப்பு நன்றாகப் படித்து எழுதியவருக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவதுதான் வடசென்னைக்கு நேரடியாகப் பொருந்துவது. பிரகாசம் சாலையிலிருந்து தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் நடந்து போகும் தூரம். அங்கே இருக்கும் கிளியரிங் ஏஜென்சிகளில் ஒரு டாக்குமென்டேஷன் உதவியாளர் காலையில் செய்வது என்ன? இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடை, பெட்டி எண்ணிக்கை, மதிப்பு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். சரக்குக்கு உரிய எச்.எஸ். கோடு எது என்று தேடுகிறார். அதில் ஒரு எண் பிசகினால் வரி மாறும், சரக்கு நிற்கும், யார்டில் வாடகை ஏறும். பிறகு பில் ஆஃப் என்ட்ரியை கஸ்டம்ஸ் இணையதளத்தில் ஏற்றுகிறார். கணக்கியல், வணிகச் சட்டம், வரி, ஆங்கிலம் என பி.காம். பாடத்தில் இருக்கிற எல்லாமே இந்த ஒரு படிவத்துக்குள் இருக்கின்றன. ஆனால் இறக்குமதி ஏற்றுமதி நடைமுறை பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதிய மாணவருக்கு, ஒரு பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு வகுப்பில் அநேகமாகக் கிடைப்பதில்லை. பி.எஸ்சி. வேதியியலின் கதையும் இதுதான். மணலி ஆலை ஆய்வகத்தின் ஷிஃப்ட் கெமிஸ்ட் வேலைக்கு வேண்டிய அடிப்படை அந்தப் பாடத்தில் இருக்கிறது. அளவீட்டுக் கருவியில் தினமும் கை பழகும் பழக்கம்தான் இல்லை.

இதைச் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமும் 2019-ல் திருத்திய விதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அதில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்கின்றன. பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று அந்த 2019 விதிகள் வைத்தன, அதில் பாதியை மத்திய அரசே ஏற்கும் என்ற ஏற்பாட்டோடு. பட்டப் படிப்புக்குள்ளேயே அப்ரண்டிஸ் காலத்தைச் சேர்க்க யுஜிசி 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைவது இரண்டையும் பொருத்திவைக்கும் ஆள். ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் போய்க் கெஞ்ச ஒரு கல்லூரி முதல்வரால் முடியாது. நிலம், மின்சாரம், மானியம் எல்லாவற்றுக்கும் தொழில் நிறுவனங்கள் வந்து நிற்பது மாநில அரசிடம். அப்போது அந்த வட்டாரக் கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல அரசால் முடியும். சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகங்களும் மத்திய அரசின் கையில் என்று தட்டிக்கழித்தால், அத்திப்பட்டில் மாநிலத்தின் சொந்த மின் நிலையமே இருக்கிறதே, அங்கிருந்து தொடங்கலாம்.

இது நிறுவனங்களுக்கு மலிவான கூலியாள் பிடித்துக்கொடுக்கும் வேலையாகிவிடும் என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றைப் பெற்றெடுத்த வட்டாரத்தில் அந்தக் கவலை இயல்பானதுதான், நியாயமானதும்கூட. பயிற்சி என்ற பெயரில் பெட்டி தூக்கவிடுவதும், நிரந்தர வேலையை அப்ரண்டிஸை வைத்தே ஓட்டுவதும் நடக்காத ஒன்றல்ல. அதனால்தான் இதைக் கல்லூரியிடம் விட வேண்டும் என்கிறேன். பயிற்சிக்கு மதிப்பெண் உண்டு, மாணவர் என்ன கற்றார் என்று ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், கற்றுத்தராத நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு ஆள் இல்லை. அப்படிப் போய்ப் பார்க்க நிரந்தர ஆசிரியர் வேண்டும். முதலில் சொன்ன கணக்கு இங்கேயும் வந்து சேர்கிறது.

கல்வி என்பது கம்பெனிக்கு ஆள் தயாரிப்பதல்ல என்போருக்கும் பதில் உண்டு. தமிழ் இலக்கியமோ வரலாறோ படிப்பவரைப் பாய்லர் பக்கம் அனுப்பச் சொல்லவில்லை. அவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பழகினால் வரலாறு அவருக்கு இன்னும் நன்றாகவே விளங்கும். படித்தவருக்குத் தர வேலையே இல்லாதபோது பட்டத்தைச் செதுக்கி என்ன பயன் என்பது இதைவிடக் கனமான கேள்வி. கல்லூரி வேலைகளை உண்டாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற வேலைக்கு யார் போகிறார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. மதிப்பெண் பட்டியலை நம்ப முடியாத முதலாளி, கல்லூரியின் பெயரையும் ஆங்கில உச்சரிப்பையும் தெரிந்தவரின் சிபாரிசையும் பார்த்து ஆள் எடுக்கிறார். இந்த மூன்றும் இல்லாதவர்கள்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

சீட்டுகளைக் குறைத்தால் மதிப்பு தானாக ஏறும் என்று ஒரு யோசனை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. பட்டம் அரிதாக இருந்த காலத்தில் அதற்கு மரியாதை இருந்தது உண்மைதான்; அந்த மரியாதை யார் வீட்டுக்குள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடம் குறைந்தால் முதலில் வெளியே நிற்பவர் மாதம் 1,000 ரூபாயை நம்பிக் கல்லூரிக்கு வந்த பெண்தான். மதிப்பைப் பற்றாக்குறையால் ஏற்றும் வழியை இந்த மாநிலம் ஒரு நூற்றாண்டாக மறுத்துவந்திருக்கிறது. இப்போது மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநரோடு நடக்கும் இழுபறியைக் காட்டி, எங்கள் கையில் எதுவும் இல்லை என்று அரசு சொல்வதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் இல்லாமல் போனதால் வந்த கேடு சிறியதல்ல. ஆனால் ஆளுநர் கையெழுத்து தேவைப்படாத ஒரு காரியம் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளத்திலேயே, ஒவ்வொரு கல்லூரிக்கும் துறைவாரியாக நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், மூன்று ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் அரியர் இல்லாமல் முடித்தவர் எத்தனை பேர், அப்ரண்டிஸாகப் போனவர் எத்தனை பேர் என்று போட்டுவிடலாம். தனியார் கல்லூரிகளுக்கும் இதையே இணைவிப்பின் நிபந்தனையாக்கலாம். அரசுக் கல்லூரிகளுக்குக் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். இதனால் பின்தங்கிய கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்றால், எந்தக் கல்லூரிக்கு ஆசிரியரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலும் அதே பக்கத்திலிருந்து கிடைத்துவிடும்.