இணையதளம் கல்யாணப் பந்தல் அல்ல

சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில், விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வெப்சைட்டு பழசாயிருச்சு. அதப் பாத்து ஆளே வரமாட்டேங்குது. புதுசா செஞ்சாத்தான் ஆகும்னு ஒரு கம்பெனிக்காரன் சொல்றான். ஆயிரக்கணக்குல வெள்ளி கேக்குறான். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கைபேசியில் திறந்தேன். முதலில் பட்டாசு வெடித்தது. அப்புறம் ஒரு வாழையிலை இடமிருந்து வலமாக நகர்ந்து போயிற்று. பின்னாலேயே ஒரு குத்துவிளக்கு, யாரோ ஒரு வடநாட்டு மணப்பெண். விலைப்பட்டியலை அழுத்தினால் ஒரு படம் இறங்கியது. விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்; அடியில் பொடி எழுத்தில் "7% ஜிஎஸ்டி தனி" என்றிருந்தது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகி, 2024 ஜனவரியில் 9 ஆகிவிட்டது. ஆக, 2022-க்குப் பிறகு அந்தப் பட்டியலை ஒருவரும் தொடவில்லை.

அவர் கேட்டது புது இணையதளம். அவருக்குத் தேவைப்பட்டதோ பழையதைக் கழுவித் துடைக்க ஒரு மத்தியானம்.

வியாபாரம் மந்தமென்றால் இணையதளத்தைப் புதுப்பி, அழகாக இருந்தால் ஆள் தானாக வரும் என்கிற நம்பிக்கை இந்த அண்ணனுடையது மட்டுமல்ல. சிராங்கூன் ரோட்டு நகைக்கடையிலிருந்து பிடோக் ரெசர்வோர் டியூஷன் நிலையம் வரை எல்லாரிடமும் இருக்கிறது. நான் இதைப் பந்தல் புத்தி என்பேன். பந்தல் போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், முகநூலில் பகிர்கிறோம். மறுவாரம் தோரணம் காய்ந்து தொங்குகிறது. மூன்று வருஷம் கழித்து அதே பந்தல்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் போடச் சொல்கிறோம். நடுவில் அந்த மூன்று வருஷமும் உள்ளே வந்து விசாரித்தவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது நமக்கு உறைப்பதே இல்லை.

சின்னக் கடையின் இணையதளத்துக்கு ரசிக்க யாரும் வருவதில்லை, ஐயா. கேள்வியோடு வருகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கையில் பையும் ஒரு கையில் கைபேசியுமாக நிற்கிற பெண்மணிக்குத் தெரிய வேண்டியது: இன்றைக்குக் கடை திறந்திருக்கிறதா, எங்கே இருக்கிறது, ஐம்பது பேருக்கு எவ்வளவு ஆகும், சைவத்துக்குத் தனிப் பாத்திரமா, யாருக்கு போன் போடுவது. இந்தக் கேள்விகளுக்குத் திரையை உருட்டாமலே பதில் கிடைத்தால் அது நல்ல இணையதளம். வண்ணம் என்னவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் தளத்தில் "பிடோக் எம்ஆர்டி அருகில்" என்று போட்டிருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிடோக்கில் சுமார் 277,000 பேர் குடியிருந்தார்கள். சிங்கப்பூரின் வட்டாரங்களிலேயே அப்போது அதுதான் பெரியது. அங்கே "அருகில்" என்றால் எந்த அருகில்? ஒரே வார்ப்பில் ஊற்றியதுபோல வரிசையாக நிற்கும் புளோக்குகள், எண்தான் அடையாளம். அதற்காகத்தானே 1995-இல் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் கொடுத்தார்கள்? வீவக புளோக்குகளில் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணேதான். பிடோக் நார்த் ஸ்திரீட் 1-இல் உணவங்காடி நிலையம் இருக்கும் புளோக் 216-இன் குறியீடு 460216. உலகத்தில் பல ஊர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது. ஆறு எண்ணைத் தட்டினால் டாக்சி வாசலில் வந்து நிற்கும். அந்த ஆறு எண்ணையும் மாடி எண், கடை எண்ணோடு எழுத்தாகப் போடாமல், நகரும் வாழையிலைக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

"நம்ம ஏரியா ஆளுங்களுக்குக் கடை தெரியும் தம்பி" என்றார். தெரியும்தான். ஆனால் 2017 அக்டோபரில் டௌன்டவுன் ரயில் தடம் பிடோக் நார்த்துக்கும் பிடோக் ரெசர்வோருக்கும் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். பக்கத்து புளோக்குக்காரர் இனி அவருக்குப் போட்டியே இல்லை, போட்டி லிட்டில் இந்தியாவின் தேக்கா. திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாத கடைக்குக் கீழே இறங்கி நடப்பதைவிட, திறந்திருப்பது நிச்சயமான தேக்காவுக்கு ரயிலேறுவது பலருக்குச் சுலபமாகப் படுகிறது. வாய்ச்சொல்லாகக் கேள்விப்பட்டு வருபவரும் இப்போது நேரே கிளம்பி வருவதில்லை. பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். கூகிள் வரைபடத்தில் கடையின் பெயருக்குக் கீழே தெரியும் நேரத்தைக் கடைக்காரரே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். அண்ணனின் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வரைபடமோ ஏழு நாளும் "திறந்திருக்கிறது" என்று சாதித்தது. பூட்டிய கதவின் முன்னால் நின்றவர்கள் அவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நகரும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நாட்டர் டேம் பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்த்துக்கொண்ட எரிக் ரன்யன் 2013-இல் தன் முகப்புப் பக்கத்துப் படவரிசையை எண்ணிப் பார்த்தார். வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் அதை அழுத்தினார். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் முதல் படத்தோடு சரி. இரண்டாவது, மூன்றாவதாக வரும் குத்துவிளக்கு யாருக்கு எரிகிறது? அது எரிவதற்குள் பக்கம் இறங்கத் தாமதமாகிறது. கூகிள் 2016-இல் சொன்ன கணக்கில், மூன்று விநாடிக்கு மேல் காக்கவைத்தால் கைபேசியில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் போய்விடுகிறார்கள். படத்தைச் சுருக்கிப் போடக் காசு ஆகாது.

ஆர்டர் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருந்ததையும் பார்த்தேன். சாம்பாருக்கு எதற்கு அண்ணே அடையாள அட்டை? சட்டம் கேட்டாலொழிய, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலொழிய நிறுவனங்கள் அதை வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. படிவத்தையே தூக்கிவிட்டு, தொட்டால் வாட்ஸாப் திறக்கிற ஓர் இணைப்பு வைத்தால் போதும்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். அந்த விலைப்பட்டியல் படமாக இருந்தது என்றேன். அதில் தமிழும் இருந்தது: வளைகாப்புச் சாப்பாடு, அறுபதாம் கல்யாண விருந்து, கருமாதிச் சமையல் எல்லாம் அழகான எழுத்துருவில். ஆனால் அது கண்ணுக்குத்தான் தமிழ், தேடுபொறிக்கு வெறும் புள்ளிகள். "வளைகாப்பு சாப்பாடு பிடோக்" என்று ஒருவர் தட்டினால் இந்தக் கடை அதனால் அகப்படப்போவதில்லை. கண் தெரியாதவருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் செயலி அந்த இடத்தில் "படம்" என்று சொல்லிவிட்டு மேலே போகும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மொழிபெயர்த்துப் படிக்கலாமென்றால் அவருக்கும் வேலை வைக்கிறோம்.

இது எந்த ஊரில் நடக்கிறது? இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊரில். எழுத்தாளர், ஆசிரியர், 'கணியன்' மென்பொருளை உருவாக்கியவர். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழையும் அதில் ஏற்றியவர். 1997 மே மாதம் இதே ஊரில் இணையத் தமிழுக்காகத் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அந்தக் காலத்தில் ஒரு தளத்தின் தமிழ் இன்னொருவர் கணினியில் பூச்சியும் கட்டமுமாகத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. வேறு வழியில்லாமல் பலர் தமிழைப் படமாக்கி ஒட்டினார்கள். அந்தச் சிறையிலிருந்து தமிழை வெளியே கொண்டுவரத்தான் அந்தத் தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்டது. கோவிந்தசாமி 1999-இல் காலமானார். இன்று மலிவுக் கைபேசியில்கூடத் தமிழ் எழுத்து எழுத்தாகவே ஓடுகிறது. நாமோ அதைப் பிடித்து மறுபடியும் படச் சட்டத்துக்குள் அடைத்து, "டிசைன்" என்று பெயர் சூட்டுகிறோம். '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி 2011-இலிருந்து இருக்கிறது. கடைப் பலகையில் அதை நான் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பட்டியலை எழுத்தாகத் தட்டிப் போடுவதுதான் இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை. தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. ஏனென்றால் நம்மவர்களே வளைகாப்பை ஆங்கில எழுத்தில்தான் பாதி நேரம் தேடுகிறார்கள். பக்கத்திலேயே, அது என்ன விசேஷம் என்று அயல்வீட்டாருக்கு ஒரு வரி.

"ஃபேஸ்புக் இருக்கே, அது போதாதா?" என்று அவர் மகன் கேட்டான். அது கூட்டம் கூடுகிற சந்தை. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தை நமக்குச் சொந்தமில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டு ஆறு மணி நேரம் எழவில்லை. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு நெருங்கியிருந்ததால் தூங்கியே தப்பித்தோம். லண்டனில் அது வியாபார நேரம். அதோடு, போன வருஷம் போட்ட பதிவில் இருக்கும் விலையை யார் தோண்டி எடுப்பார்கள்?

கம்பெனிக்காரர் மீது எனக்குப் பெரிய வருத்தமில்லை. பந்தல் போடுகிறவர் பந்தல்தான் விற்பார். அரசாங்கமும் சின்ன நிறுவனங்களுக்கு உதவத்தான் பார்க்கிறது. 2018-இல் வந்த உற்பத்தித்திறன் தீர்வு மானியம் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை வாங்க நல்ல தொகை கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் மானியமென்ற சொல் காதில் விழுந்ததுமே நம் புத்தி "வாங்கு" என்றுதான் ஓடுகிறது. வாங்கியதை மாதம் ஒரு தடவை திறந்து பார்த்து விலையைத் திருத்துவது கடைக்காரரின் கையில் இருக்கிறது. அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அண்ணனிடம் அது இல்லை. முன்பு தளம் செய்து கொடுத்தவரிடம் இருந்தது. அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். முகவரிப் பெயரே அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அதை மீட்கத்தான் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மற்றதெல்லாம் ஒரு மத்தியானம்.

அழகே வேண்டாம் என்கிறேனா? மணப்பெண் அலங்காரம் செய்கிறவருக்கும் மேடை ஜோடிப்பவருக்கும் படம்தான் சரக்கு. அவர்கள் படம் போடத்தான் வேண்டும், அதுவும் தாங்கள் செய்த வேலையின் படம், இரவல் மணப்பெண்ணின் படம் அல்ல. சமையல்காரரும் தன் அண்டாவைப் படம் பிடித்துப் போடலாம். கைபேசியில் எடுத்த, கொஞ்சம் புகை மூடிய அந்த அண்டா, கடையில் வாங்கிய வாழையிலைப் படத்தைவிட ஆயிரம் மடங்கு நம்பும்படி இருக்கும்.

எல்லாம் முடித்து அண்ணனிடம் காட்டினேன். பட்டியலை உருட்டிப் பார்த்தார், வாட்ஸாப் இணைப்பைத் தொட்டுப் பார்த்தார், அஞ்சல் குறியீட்டை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் முகம் வாடிவிட்டது.

"தம்பி, அந்தப் பட்டாசு எங்க?"

"எடுத்துட்டேன் அண்ணே."

"பேரப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். அதத் தொறந்துகாட்டித்தான் சோறு ஊட்டுறோம்."

திரும்ப வைத்தேன், பக்கத்தின் கடைசியில். முகப்பில் பட்டாசு இருந்த இடத்தில் இப்போது 'செவ்வாய்க்கிழமை விடுமுறை' என்று எழுதியிருக்கிறது.